ரிவர்ஸ் போகாத பஸ்

கடலூர் டெப்போவுக்குப் புது பஸ்கள் வந்திருக்கின்றன. ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், டிரைவருக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் பின்பக்கம் முழுவதும் தெரிகிறது. யாராவது குறுக்கே வந்தால் கீங் கீங் என்று கத்துகிறது. ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியும் அடிக்கடி டெப்போவை எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கும் போயிருந்தேன். புது வண்டியில் ஏறி உட்கார்ந்து, அந்தத் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சதீஷ் வந்தான். இளவட்ட டிரைவர், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். கையில் போன்.

"மாமா, பழைய படம் ஒண்ணுல பஸ்ஸு பின்னாடியே ஓடுதே, அது நீங்க ஓட்னதாமே? நெசமா?"

"யாரு சொன்னா?"

"டெப்போவே சொல்லுது. இப்ப அதுதான் எல்லா குரூப்லயும் ஓடுது. இந்தக் குடைக்காரப் பெருசு இருக்குதே, செம காமெடி மாமா."

போனை நீட்டினான். கடற்கரைச் சாலை. எல்லாரும் முன்னால் பார்த்து நடந்துகொண்டிருக்க, குடை வைத்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் விறைப்பாகப் பின்னால் நடந்து போகிறார். கீழே 'திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் நான்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், அதே மனிதர் பக்கத்தில் நிற்பவனை நடுரோட்டுக்குத் தள்ளிவிடுகிறார். அதற்கு 'என் உயிர் நண்பன்' என்று தலைப்பு. டெப்போவில் நாலைந்து பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடைக்காரர் எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியசாமி. அவர் இல்லாவிட்டால் நான் டிரைவராக ஓய்வு பெற்றிருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு, போனில் அந்தப் படத்தைத் தேடி முழுசாகப் பார்த்தேன். எண்பதுகளில் வந்த கிறுக்குத்தனமான வாலிபப் படம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தேடிப் பார்ப்பீர்கள், தேடினால் பாட்டுகளும் கூடவே வரும், அந்தப் பாவம் எனக்கு எதற்கு. பிளஸ் டூ படிக்கும் நான்கு பையன்கள். பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று டவுன் பஸ்ஸைக் கடத்துகிறார்கள். பஸ் ரிவர்ஸ் கியரிலேயே சிக்கிக்கொள்கிறது. பரீட்சை ஹால் வரைக்கும் ஊர் முழுவதையும் பின்பக்கமாகவே கடக்கிறார்கள். வழியில் ஒரு கல்யாண ஊர்வலம், ஓர் ஆட்டு மந்தை, ஒரு போலி சாமியார் எல்லாரும் பஸ்ஸுக்குள் வந்து விழுகிறார்கள். கதை அவ்வளவுதான். என் மனைவி பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

நான் தூங்கவில்லை. இத்தனை வருடம் கழித்துப் பார்க்கும்போது எனக்குக் கதை கண்ணில் படவே இல்லை, மற்றதெல்லாம் பட்டது. பஸ்ஸின் புகைக் குழாயைக் கவனித்தேன். புகை வெளியே வரவில்லை, காற்றிலிருந்து திரண்டு வந்து குழாய்க்குள் புகுந்துகொள்கிறது! கடலைப் பார்த்தேன். அலை கரையில் நுரையாகக் கிடந்து, எழுந்து, சுருண்டு கடலுக்குள் போகிறது. ஒரு நாய் வால் முன்னால் வரும்படி ஓடுகிறது. இவ்வளவும் திரையில் நட்டநடுவே இருக்கின்றன. ஊரே பார்த்த படத்தில் ஒருத்தர் கண்ணிலும் இதெல்லாம் அப்போது படவில்லை. பட்டிருந்தால் எனக்கு அத்தனை தொல்லை வந்திருக்காது.

முதலில் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. டிரைனிங், லைசென்ஸ், லாரி ஓட்டிய காலம் இதெல்லாம் எல்லா டிரைவருக்கும் ஒரே கதைதான், விட்டுவிடலாம். ஆரோக்கியசாமி சார் செக்கிங்குக்கு ஏறினால் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். அதட்ட மாட்டார். கிளீனரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும். வண்டி கிளம்பும் முன் ஒரு சுற்று சுற்றி வந்து குடைக்காம்பால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே காற்று குறைந்திருப்பதைச் சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் வெறி. வண்டி பின்னால் போவதென்றால் கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போய் நிற்க வேண்டும். நின்று, பின்னால் யாருமில்லை என்று பார்த்து, விசில் ஊத வேண்டும். "வரட்டும்... வரட்டும்..." என்று சொல்லிக்கொண்டே கூட வர வேண்டும். "ஹோல்டான்" என்றால் வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சட்டமும் அதுதான், ஆனால் அவசரத்தில் பாதிப்பேர் செய்வதில்லை. அவர் கண்டக்டராக இருந்த காலத்தில் பஸ் ஸ்டாண்டில் பூ விற்ற ஒரு பெண் பின்சக்கரத்தில் மாட்டியதை நேரில் பார்த்தவராம். அவர் சொல்லி நான் கேட்டதில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். என்னிடம் அவர் சொன்னது இதுதான்:

"பாக்காம பின்னாடி ஒரு அடி வைக்கக் கூடாது கலியபெருமாள். வண்டியும் வைக்கக் கூடாது, மனுசனும் வைக்கக் கூடாது."

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் படப்பிடிப்பு வந்து மாட்டியது. படக் கம்பெனி எங்கள் டெப்போவில் ஒரு பஸ்ஸை வாடகைக்குக் கேட்டது. மேலாளர் சரி என்றார். டிரைவர் நான், கண்டக்டர் லால்பேட்டை ஜமால், மேற்பார்வைக்கு ஆரோக்கியசாமி சார். ஜமாலும் நானும் ஒரே வயசு. மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஷூட்டிங் என்றதும் அவன் புது பேண்ட் தைத்துக்கொண்டு வந்தான்.

தேவனாம்பட்டினம் போகும் கடற்கரைச் சாலை. டைரக்டர் சின்னப் பையன், வாயில் எப்போதும் சிகரெட். "பஸ்ஸை ரிவர்ஸ்ல ஃபுல் ஸ்பீடா விடுங்க" என்றார். நான் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தேன்.

"கண்டக்டர் பின்னாடி விசிலோட வருவாரு. மெதுவாத்தான் போவும்" என்றார் அவர்.

"சார், கண்டக்டர் ஃபிரேம்ல வந்தா எப்பிடி சார்? பஸ்ஸைத் திருடிக்கிட்டுப் போற சீனு!"

"திருடிக்கிட்டுப் போனாலும் பின்னாடி ஆள் நிக்கணும்."

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் கேமராமேன்தான் வழி கண்டுபிடித்தார். வயசானவர், நிதானமான ஆள். பஸ் முன்னால் போகட்டும், நான் கேமராவுக்குள் ஃபிலிமைப் பின்பக்கமாக ஓட்டுகிறேன், திரையில் பஸ் பின்னால் போவது போலத் தெரியும் என்றார். அப்படியானால் ரோட்டில் நடக்கும் ஜனங்களும் திரையில் பின்னால் நடப்பார்களே என்று டைரக்டர் கேட்டார். அவர்களையெல்லாம் இப்போது பின்பக்கமாக நடக்கச் சொன்னால் திரையில் நேராகிவிடும் என்றார்.

அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன் கூடைக்காரப் பெண்கள், காலேஜ் பையன்கள், சைக்கிள் தள்ளுகிறவர், ஐஸ் விற்கிறவர் என்று பாதி ஊரே பின்னால் நடக்கப் பழகியது.

"இன்னாடா இது, நண்டாட்டம் நடக்கச் சொல்றானுவ" என்று ஒரு மீன்காரம்மா கத்தினாள். ஆனாலும் நடந்தாள். சினிமா என்றால் நம் ஜனங்கள் தலைகீழாகக்கூட நடப்பார்கள். எனக்குக் கதாநாயகனின் சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தபடி ஓட்டச் சொன்னார்கள். "முன்னாடி போற வண்டில அவரு முன்னாடிதான் பாப்பாரு" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ஜமால் உள்ளே ஜன்னலோரம் பயணியாக உட்கார்ந்து, பயந்து அலறுகிற மாதிரி நடித்தான். முகம் முழுக்கச் சிரிப்புத்தான்.

இன்ஸ்பெக்டரையும் பின்னால் நடக்கச் சொன்னார்கள். உதவி டைரக்டர் ஒருவர் போய், "சார், நீங்களும் ஃபிரேம்ல இருக்கீங்க, கொஞ்சம் பின்னாடி..." என்று இழுத்தார். அவர் அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்தார். பையன் திரும்பி வந்துவிட்டான்.

ஆக்‌ஷன் என்றார்கள். பஸ்ஸை விட்டேன். கொஞ்ச தூரம் போனதும், பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன், லுங்கி கட்டிய ஆள், திசை தப்பி ரோட்டுக்குள் வந்துவிட்டான். என் பக்கம் முதுகு. பஸ் வருவது அவனுக்குத் தெரியாது, சினிமா சத்தத்தில் ஹாரனும் விளையாட்டாகப் போய்விட்டது. பிரேக்கில் ஏறி மிதித்தேன், வண்டி உடனே நிற்குமா? அதற்குள் ஓரத்திலிருந்து ஒரு குடை வந்தது. இன்ஸ்பெக்டர் விடுவிடுவென்று நடந்து வந்து அவன் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டார். பஸ் அவர்கள் இருவரையும் உரசுகிற மாதிரிக் கடந்து போனது. டைரக்டர் கைதட்டி ஓகே என்று கத்தினார். அவருக்கு அது காட்சியாகத்தான் தெரிந்திருக்கிறது.

படம் வந்தது, நன்றாக ஓடியது. ஜமால் லால்பேட்டையிலிருந்து சொந்தக்காரர்களை வண்டி கட்டிக் கூட்டிப்போய்த் தன் தலையைக் காட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை நிலைக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு மெமோ வந்தது. 'பொதுச் சாலையில், பயணிகளுடன், கண்டக்டர் பின்னால் நிற்காத நிலையில், பேருந்தை அதிவேகமாகப் பின்னோக்கி இயக்கியது' என்று குற்றச்சாட்டு. சாட்சி? படம்தான். மேலிடத்தில் யாரோ குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார். வண்டி நம்பர் தெளிவாகத் தெரிகிறது, கண்டக்டர் உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறான். வேறு என்ன வேண்டும்?

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தர ஆர்டர் வரப்போகிற சமயம். வடலூரில் பெண் பார்த்து முடித்திருந்தோம். "ஆர்டர் கையில வரட்டும், நாள் குறிச்சிக்கலாம்" என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். இந்த மெமோ நிரூபணமானால் ஆர்டர் இல்லை, வேலையே இல்லை. நான் பஸ் முன்னால்தான் போனது என்று சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். படக் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். அந்த விலாசத்தில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று திரும்பி வந்தது. ஜமால் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவனும் படத்தில் சிரித்தவன்தானே. இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்ததும் படத்துக்கு முன்னால் எடுபடவில்லை. பத்து நாள் சோறு தண்ணி ஒழுங்காக இல்லாமல் அலைந்தேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. சளி பிடித்த மூக்கோடு பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீங்க சொல்றதும் இருக்கலாம். ஆனா நான் படத்தப் பாக்காம எதையும் முடிவு பண்ண முடியாது. வாங்க, எல்லாரும் போயிப் பாத்துடுவோம்" என்றார். கடலூரில் படம் தூக்கியாகிவிட்டது, சிதம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர், நான், இன்ஸ்பெக்டர் மூன்று பேரும் ஜீப்பில் மேட்னிக்குப் போனோம். டிக்கெட்டை அதிகாரியே எடுத்தார்.

வழி நெடுக எனக்கு வேறொரு பயம். இன்ஸ்பெக்டர் சினிமாவே பார்க்காத ஆள். தன் உருவம் அந்தப் படத்தில் எப்படி வந்திருக்கிறது என்பதும், அதைப் பார்த்துத் தியேட்டரே உருண்டு சிரிப்பதும் அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

காட்சி வந்தது. புகை, அலை எதையும் நாங்கள் பார்க்கவில்லை, பஸ்ஸைத்தான் பார்த்தோம். பஸ் பின்னால் பாய்கிறது. அது விலகியதும் ஓரத்தில் குடைக்காரர் தெரிகிறார். பக்கத்திலிருக்கும் லுங்கிக்காரனை நடுரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து விடுகிறார். விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பின்பக்கமாகவே நடந்து போகிறார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "யோவ் பெருசு, திரும்பி நட்யா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். எங்கள் அதிகாரியும் அடக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இன்ஸ்பெக்டர் குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

படம் முடிந்து எதிரே டீக்கடையில் நின்றோம். அதிகாரி டீயை ஆற்றிக்கொண்டே, "வண்டி பின்னாடிதான் போவுது. நானே பாத்தேன். என்ன பண்றது தம்பி?" என்றார். எனக்கு வடலூர் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"சார், குடை வச்சிக்கிட்டு ஒரு ஆளு வந்தாரே, பாத்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாக்காம? அந்த ஆளு பெரிய கூத்து."

"அது நான்தான் சார்."

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் ஆயுசுல நான் பாக்காம பின்னாடி ஒரு அடி வச்சது கெடயாது. எங்க டெப்போவுல யார வேணா கேளுங்க. அன்னிக்கி அங்க எல்லாரும் பின்னாடி நடந்தாங்க, நான் ஒருத்தன்தான் நேரா நடந்தேன். படத்துல அவுங்க நேரா நடக்குறாங்க, நான் பின்னாடி போறேன். அப்ப பஸ்ஸு எந்தப் பக்கம் போயிருக்கும்?"

அதிகாரி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு கேட்டார்:

"அந்த ஆள ரோட்டுல தள்ளுனீங்களே?"

"தள்ளல. இழுத்தேன். வண்டிக்கு முன்னாடி வந்துட்டாரு."

"இன்ஸ்பெக்டர், இத நான் எழுதுனா, உங்க மேற்பார்வையில ஒருத்தரு சக்கரத்துல மாட்ட இருந்தாருன்னும் சேத்து எழுதணும். ஜனங்கள பின்னாடி நடக்க ஏன் வுட்டீங்கன்னு உங்களத்தான் கேப்பாங்க. உங்க பிரமோஷன் இந்த வருசம் வருதுன்னு கேள்விப்பட்டேனே."

"எழுதுங்க சார். கேட்டா பதில் சொல்லிக்கறேன். தம்பி வண்டி முன்னாடிதான் போச்சு."

டீக்காசை இன்ஸ்பெக்டரே கொடுத்தார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழுந்தால் திட்டுவார் என்று தெரியும், அதனால் விழவில்லை.

என் மெமோ ரத்தானது. ஆர்டர் வந்தது, வடலூரில் கல்யாணம் நடந்தது. அவருக்கு மெமோ போனது. பிரமோஷன் வேறொருவருக்குப் போனது, பிறகும் அவருக்கு வரவில்லை. இன்ஸ்பெக்டராகவே ஓய்வு பெற்றார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை காரை மண்டபத்து வாசலில் ரிவர்ஸ் எடுத்தபோது பந்தியிலிருந்து எழுந்து வந்து, எச்சில் கையோடு பின்னால் நின்று "வரட்டும்... வரட்டும்..." என்றார்.

அவர் இறந்து ரொம்ப வருடமாகிவிட்டது. மகள் ஸ்டெல்லா சிதம்பரத்தில் டீச்சர். படத்தைப் பார்த்த மறுநாளே ஜமாலுக்குப் போன் போட்டேன். "மச்சான், அந்தப் பொண்ண ஒரு தபா போயிப் பாத்துட்டு வந்துடு. இந்தக் கண்றாவி அது கண்ணுலயும் பட்டிருக்கும்ல" என்றான். எனக்கும் அதே யோசனைதான். அதற்கு முன் சதீஷிடம் போய் ஒரு உதவி கேட்டேன்.

"இந்த வீடியோவப் பின்னாடியிருந்து முன்னாடி ஓடற மாதிரி பண்ண முடியுமாடா?"

"அதெல்லாம் ரெண்டு நிமிச வேல மாமா. எதுக்கு?"

"பண்ணு, அப்பறம் பாரு."

பண்ணினான். பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னா மாமா இது..." என்று மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அப்பா ஜாடை, நிமிர்ந்த உடம்பு. உட்கார வைத்து நலம் விசாரித்தாள். நான் இழுத்து இழுத்து அந்த வீடியோ விஷயத்தை எடுத்தேன்.

"எங்க ஸ்கூல் குரூப்லயும் வந்துச்சி அண்ணே. எல்லாரும் சிரிச்சிட்டுக் கெடக்கறாங்க. அது எங்கப்பான்னு நான் யாருகிட்டயும் சொல்லல."

"ஏம்மா?"

"சின்னதுல ஸ்கூல்ல என்ன அழ வச்சது போதாதா? ஒங்கப்பா ஆள பஸ்ஸுல தள்ளி வுடுவாராமேன்னு கேலி பண்ணுவாங்க. அப்பாகிட்டயே கேட்டேன், ஏம்ப்பா அந்த ஆளத் தள்ளுனேன்னு. தள்ளலன்னு மட்டும் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நானும் பாத்ததத்தான நம்புவேன்? இத்தன வருசமா உள்ளுக்குள்ள அது ஒரு மாதிரியாவே இருக்கு."

நடந்ததை அவரே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். பிரமோஷன் போன கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ, எனக்கு இன்றும் புரியவில்லை.

நான் வாயால் எதுவும் விளக்கவில்லை. சதீஷ் திருப்பி ஓட வைத்துக் கொடுத்த வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அலை கரைக்கு வருகிறது. புகை குழாயை விட்டு வெளியே போகிறது. மீன்காரம்மா, காலேஜ் பையன்கள், ஐஸ்காரர், ஊரே பின்னால் பின்னால் நடக்கிறது. பஸ் முன்னால் வருகிறது. லுங்கிக்காரன் முதுகைக் காட்டியபடி அதன் எதிரே வந்துவிடுகிறான். அப்போது குடையோடு ஒரு மனிதர், அத்தனை பேருக்கும் நடுவே அவர் ஒருவர் மட்டும், நேராகப் பார்த்து வேகமாக நடந்து வருகிறார். அவன் கையைப் பிடித்து இழுக்கிறார். பஸ் கடந்து போகிறது.

ஸ்டெல்லா மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவை பார்க்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா நடைண்ணே இது" என்றாள். "இப்பிடித்தான் நடப்பாரு."

அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூட குரூப்பைத் திறந்து அதில் போட்டாள். கீழே நிதானமாக ஒரு வரி தட்டினாள். எட்டிப் பார்த்தேன்.

'இதில் நேராக நடப்பவர் என் அப்பா.'